வெளிநாட்டில் வழிகாட்டியுடன் வாத்து வேட்டை: எந்த நாடு, யாருடைய துப்பாக்கி?

கேட்பவர்: செம்பனை மகன், பீடோர்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் பீடோருக்கு அருகில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய செம்பனைத் தோட்டம் ஒன்று உள்ளது. காட்டுப்பன்றித் தொல்லையின் காரணமாக இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை முறையான உரிமத்துடன் வைத்திருக்கிறேன். நானும் என் மைத்துனரும் அடுத்த ஆண்டு வெளிநாட்டில் வழிகாட்டியுடன் நீர்ப்பறவை வேட்டைக்குச் செல்ல எண்ணியுள்ளோம். நியூசிலாந்து, அர்ஜென்டினா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் விவரத்தாள்களை வரவழைத்துப் பார்த்தேன். தங்கும் விடுதியைப் பற்றியும் உணவைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்களே தவிர, சட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் துப்பாக்கியைக் கொண்டு செல்வதா, அங்கேயே இரவல் பெறுவதா? சுட்ட பறவைகளை என்ன செய்வார்கள்? நல்ல வழிகாட்டியை எதைக் கொண்டு அடையாளம் காண்பது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: பழைய கிராணி, தெலுக் இந்தான்

தம்பிக்கு வணக்கம். முதலில் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்களுடையதை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் புறப்படுங்கள். பயிர்ப் பாதுகாப்புக்காகக் காவல்துறை வழங்கிய உரிமம் இந்த நாட்டுக்குள் மட்டுமே செல்லும். துப்பாக்கியை வெளியே கொண்டு போகவும் திரும்பக் கொண்டு வரவும் தனித்தனி அனுமதி வேண்டும். விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். சிங்கப்பூர் வழியாக விமானம் மாறினால் அங்குள்ள காவல்துறையின் அனுமதியும் வேண்டும். இவற்றுள் ஒரு தாள் குறைந்தாலும் சிக்கல் துப்பாக்கிச் சட்டத்தின்கீழ் வரும் என்பதால், அதன் கடுமையை நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. வாத்துகள் இரையை அரைத்துக்கொள்வதற்காகச் சேற்றிலிருந்து சிறு கற்களை விழுங்கும் பழக்கம் உடையவை. சேற்றில் கிடக்கும் ஈய ரவையையும் (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) கல் என்று விழுங்கி, உடலில் நஞ்சேறி மெலிந்து இறந்துபோகின்றன. அதனால்தான் அமெரிக்கா 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையைத் தடை செய்தது. நியூசிலாந்திலும் நீர்நிலைகளை ஒட்டி வாத்து சுட ஈயம் கூடாது. ஈயத்துக்குப் பதிலாகப் போடும் எஃகு ரவை அதைவிடக் கடினமானது. குழல்வாய் மிகவும் ஒடுங்கிய பழைய துப்பாக்கிகளில் அதைப் போட்டுச் சுட்டால் குழல் புடைத்துக் கெட்டுவிடக்கூடும். நம் தோட்டப்புறங்களில் இருக்கும் இரட்டைக்குழல்களில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

நியூசிலாந்தில் துப்பாக்கி உரிமம் உள்ள ஒருவர் அருகிலேயே நின்று நேரடியாகக் கண்காணித்தால், உரிமம் இல்லாத விருந்தினரும் அவருடைய துப்பாக்கியால் சுட முடியும். ஆனால் கண்காணிப்பவர் துப்பாக்கியை உடனடியாகத் தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வரும் நிலையில் இருக்க வேண்டும். நீங்கள் இருவர் செல்வதால், இருவருக்கும் தனித்தனியே ஒருவர் நிற்பாரா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் நிலைமை வேறு. விசாவில் நுழையும் வெளிநாட்டவர் துப்பாக்கியைக் கையில் எடுப்பதையே அந்நாட்டுக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. மாநிலம் ஒன்று வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்கு ஒரு விதிவிலக்கு. ஆகவே அங்கு சென்றால், உரிமம் கைக்கு வரும்வரை இரவல் துப்பாக்கியைக்கூடத் தொடாதீர்கள்.

மறுமொழி 2: வைகாட்டோ மருமகள், ஹாமில்டன்

அண்ணனுக்கு வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். திருமணத்துக்குப் பின் நியூசிலாந்தில் வசிக்கிறேன். என் கணவர் வீட்டார் தலைமுறையாக வாத்து வேட்டைக்குச் செல்பவர்கள்.

இங்கு வாத்துப் பருவம் மே மாதத்தின் முதல் சனிக்கிழமை தொடங்குகிறது. சுடுபவர் ஒவ்வொருவரும் இங்கே வாத்து வேட்டையை நிர்வகிக்கும் ஃபிஷ் அண்ட் கேம் அமைப்பின் வேட்டை உரிமம் வாங்கியாக வேண்டும்; இரவல் துப்பாக்கியால் சுடுபவருக்கும் இது பொருந்தும். ஒரு நாளில் எத்தனை பறவை என்ற வரம்பு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் என்பதால், நீங்கள் செல்லும் வட்டாரத்தின் அந்த ஆண்டு விதிகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

நீர்ப்பறவைகளைச் சுடும் உரிமையைப் பணத்துக்கு விற்பதை இந்நாட்டின் 1953ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தடை செய்கிறது. வழிகாட்டி தம் உழைப்புக்கும், தங்குமிடத்துக்கும், படகுக்கும் கட்டணம் வாங்கலாம். "இத்தனை வாத்துக்கு இவ்வளவு டாலர்" என்று ஒருவர் விலை சொன்னால், அந்த இடத்திலேயே அவரை விட்டு விலகிவிடுங்கள்.

நல்ல வழிகாட்டி எப்படி நடந்துகொள்வார் என்று கேட்டிருந்தீர்கள். விடியுமுன் இருட்டில் குளக்கரை மறைப்புக்குள் உங்களை உட்கார வைப்பார். அதை இங்கே மைமை என்கிறார்கள். துப்பாக்கியில் தோட்டா போடுவதற்கு முன்பே, குழல் எந்த மரத்திலிருந்து எந்த மரம் வரை திரும்பலாம் என்று விரல் நீட்டிக் காட்டுவார். பறவைகளை ஈர்க்கும் பொம்மை வாத்துகளான பார்வை வாத்துகளை நீரில் மிதக்கவிட்டு, நடுவில் வெற்றிடம் விட்டு வைப்பார். மேலே வட்டமிடும் கூட்டம் அந்த இடத்தை நோக்கித்தான் சிறகை வளைத்து இறங்கும். கூட்டம் இறங்கும்போதும் உடனே சுடச் சொல்லமாட்டார். முதலில் இனம் என்னவென்று பார்ப்பார். மலார்ட், பாரடைஸ் ஷெல்டக் என்னும் வாத்துகள், கருப்பு அன்னம், நம்மூர் நீலத் தாழைக்கோழியின் உறவான புக்கெக்கோ ஆகியவற்றைப் பருவத்தில் சுடலாம். பாப்பாங்கோ என்னும் முக்குளிக்கும் வாத்தும், கிரே டீல் என்னும் சாம்பல் நிறச் சிறு வாத்தும், மலையாற்று நீல வாத்தும் பாதுகாக்கப்பட்டவை. அரையிருட்டில் இவற்றைப் பிரித்தறியத் தெரியாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். விழுந்த பறவையை நாய் தேடி எடுத்து வரும்வரை அடுத்த கூட்டத்தைச் சுட அனுமதிக்காதவர் கிடைத்தால், அவரை நம்பிச் செல்லுங்கள்.

சுட்ட பறவையை விற்கவும் சட்டம் இடம் தராது. எங்கள் வீட்டில் நெஞ்சுக்கறியை மிளகும் சோம்பும் அரைத்துப் பிரட்டிச் சமைப்போம்; மீதி அண்டை வீடுகளுக்குப் போகும். மலேசியாவுக்கு இறைச்சி கொண்டு செல்ல இறக்குமதி அனுமதி தேவைப்படும் என்பதால், இங்கேயே உண்டு, இங்கேயே கொடுத்துவிட்டுச் செல்வது நல்லது.

மறுமொழி 3: கோலகுலா பறவை ஆர்வலர், தைப்பிங்

ஐயா, நான் பறவைகளைத் தொலைநோக்கியால் மட்டுமே பார்ப்பவன். வேட்டை எனக்கு உவப்பானது அன்று. தமிழ்நாட்டில் வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிக்கு வரும் பறவைகளைத் தலைமுறைகளாகக் காத்து வருகிறார்கள்; கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அந்த மரபைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். இருப்பினும் நீங்கள் செல்வதென்று முடிவு செய்துவிட்டால், எங்கு செல்கிறீர்கள் என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது.

நியூசிலாந்தில் அதிகம் சுடப்படும் மலார்ட் அந்த மண்ணுக்கு வெளியிலிருந்து கொண்டு வரப்பட்ட பறவை. அங்குள்ள பூர்விகச் சாம்பல் வாத்துடன் (கிரே டக்; மேலே சொன்ன சிறு வாத்து அன்று) கலந்து அவ்வினத்தையே கரைத்து வருகிறது. அமெரிக்காவில் 1934 முதல், 16 வயது நிறைந்த ஒவ்வொரு நீர்ப்பறவை வேட்டையாளரும் கூட்டரசு வாத்து முத்திரை (அஞ்சல்தலை போன்ற அனுமதிச் சீட்டு) வாங்க வேண்டும் என்பது சட்டம். அதன் விலை இப்போது 25 டாலர், அதில் 98 விழுக்காடு சதுப்புநிலங்களை வாங்கவும் காக்கவும் செல்கிறது. துப்பாக்கியைத் தொடாத நானும் அந்தச் சதுப்புநிலங்களில் பறவை பார்க்க முடிகிறது என்பதை மறுக்கமாட்டேன்.

அர்ஜென்டினாவின் கோர்டோபா வட்டாரத்துப் புறா வேட்டையை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். தானிய வயல்கள் பெருகியதால் அங்கே புறாக்கள் கோடிக்கணக்கில் பெருகின. உழவர்கள் அவற்றைத் தொல்லையாகவே கருதுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒரே நாளில் ஆயிரம் தோட்டாவுக்கு மேல் சுடுவதையே பெருமையாக விளம்பரப்படுத்துகிறார்கள். எண்ணிக்கைக்காகவே சுடும் இடத்தில், அடிபட்டுப் புதரில் விழுந்த பறவையைத் தேட எவருக்கும் நேரம் இருக்காது.

கேட்டவர்: செம்பனை மகன், பீடோர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அர்ஜென்டினாவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்; நியூசிலாந்து என்று முடிவு செய்துள்ளோம். கிராணி ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி. நாங்கள் பன்றி சுட்டே பழகியவர்கள். பறக்கும் பறவைக்கு எப்படித் தயாராவது?

மறுமொழி 4: பழைய கிராணி, தெலுக் இந்தான்

களிமண் தட்டை வானில் எறிந்து சுடப் பழகும் திடல் ஒன்றில் பயிற்றுநர் ஒருவரிடம் சேர்ந்து பழகுங்கள் தம்பி. பன்றிக்குக் குறி வைத்து நிறுத்திச் சுடுகிறோம். பறவைக்குக் குழலை நிறுத்தினால் ரவை முழுவதும் வாலுக்குப் பின்னால்தான் போகும். பறவையின் பின்னாலிருந்து குழலை நகர்த்தி, அதைத் தாண்டிச் சென்று, விசையை அழுத்திய பிறகும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கண் குழலின் நுனியில் அல்ல, பறவையின் தலையில் இருக்கட்டும். எஃகு ரவை ஈயத்தைவிட இலேசானது என்பதால் வேகம் சீக்கிரம் குறைந்துவிடும். 35 மீட்டருக்கு அப்பால் சுட்டால் பறவை காயத்தோடு பறந்து போய் எங்கோ சாகும். தோட்டத்தில் 35 மீட்டரை அளந்து ஒரு செம்பனை மரத்தில் துணி கட்டி வையுங்கள். அந்தத் தூரத்தில் ஒரு வாத்தின் அளவு எவ்வளவு சிறிதாகத் தெரியும் என்று கண்ணுக்குப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். மைத்துனரையும் உடன் அழைத்துச் சென்று பழக்குங்கள்.