மோதுவிக் காந்தங்களில் நியோபியம்-வெள்ளீயம் ஏன் இல்லை?

வினா:
செர்ன் ஆய்வகத்தின் 27 கி.மீ. சுற்றளவுள்ள பெரும் ஹாட்ரான் மோதுவியில் (துகள்களை மோதவிடும் கருவி) துகள்களின் பாதையை வளைக்கும் 1232 இருமுனைக் காந்தங்கள், 8.33 டெஸ்லா காந்தப்புலத்திற்காக வடிவமைக்கப்பட்டு, 1.9 கெல்வினில் (ஏறத்தாழ −271 டிகிரி செல்சியஸ்) இயங்குகின்றன. அவற்றின் மீக்கடத்தி, அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் பொருள், நியோபியம்-டைட்டானியம். நியோபியம்-வெள்ளீயமோ ஏறத்தாழ 18 கெல்வின் வரை மீக்கடத்துவதுடன், இன்னும் வலிய புலத்தையும் தாங்கும். 1954-லேயே அறியப்பட்ட அந்தப் பொருளை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? செலவு மட்டும்தான் காரணமா?

மறுமொழி 1:
செலவும் உண்டு, ஆனால் பெரிய தடை அதன் நொறுங்கும் தன்மை. நியோபியம்-டைட்டானியம் உலோகக்கலவை என்பதால், செம்போடு சேர்த்து இழுத்தால் ஏழு மைக்ரான் இழையாகவும் நீளும். பிறகு வளைத்துச் சுற்றினாலும் கெடாது. நியோபியம்-வெள்ளீயம் பீங்கானைப் போல விரிசல் விடும் சேர்மம். ஆகவே இரண்டு தனிமங்களும் வினைபுரிவதற்கு முன்பே கம்பியைச் சுருளாகச் சுற்றி, அந்தச் சுருளை முழுவதுமாக ஏறத்தாழ 650 டிகிரி செல்சியஸ் உலையில் பல நாட்கள் வைத்து, அதற்குள்ளேயே சேர்மத்தை உருவாக்குகிறார்கள். வழக்கமான பாலிமர் காப்புறை அந்தச் சூட்டில் கருகிவிடும் என்பதால் கண்ணாடியிழையைச் சுற்றி, உலையிலிருந்து எடுத்தபின் எபாக்சிப் பிசினை ஊட்டுகிறார்கள். பிசின் இறுகும்வரை அந்தச் சுருளைக் கையாள்வதுதான் மிகுந்த கவனம் கேட்கும் கட்டம் என்பேன்.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு விசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மின்னோட்டம் ஏற ஏறச் சுருளின் இரு பக்கங்களும் வெளிநோக்கித் தள்ளப்படுகின்றன; எஃகுப் பட்டைகள் அவற்றை இறுக்கிப் பிடிக்கின்றன. கம்பி சில மைக்ரான் நழுவினால்கூட உராய்வில் வெப்பம் பிறக்கும். 1.9 கெல்வினில் உலோகத்தின் வெப்ப ஏற்புத்திறன் மிகக் குறைவு என்பதால், அந்தச் சிறு வெப்பமே மீக்கடத்து நிலையைக் குலைத்துவிடும். இதைக் ‘குவென்ச்’ என்கிறோம். ஓர் இருமுனைக் காந்தத்தில் தேங்கியுள்ள ஏறத்தாழ 7 மெகாஜூல் ஆற்றல் ஒரே இடத்தை எரித்துவிடாதிருக்க, சூடேற்றிகள் சுருள் முழுவதையும் வேண்டுமென்றே சூடாக்கி அதைப் பரவச் செய்கின்றன. நியோபியம்-வெள்ளீயத்தில் சங்கடம் இருபுறமும் உண்டு: இறுக்கம் போதாவிட்டால் சுருள் நகரும், மிகுந்தால் விரிசல் விடும்.

வினவியவர்:
மிக்க நன்றி. 18 கெல்வின் வரை தாங்குமென்றால், நியோபியம்-வெள்ளீயக் காந்தத்தையும் 1.9 கெல்வினுக்கே ஏன் குளிர்விக்கிறார்கள்?

மறுமொழி 1:
அந்த 18 கெல்வின், புலமும் மின்னோட்டமும் இல்லாதபோது மட்டுமே பொருந்தும் எண். அவ்விரண்டும் கூடக் கூட, தாங்கும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வரும். மோதுவியின் மேம்பாட்டுக்கென உருவாக்கப்படும் 150 மி.மீ. துளையுள்ள நான்முனைக் காந்தங்களில் (துகள் கற்றையைக் குவிப்பவை) சுருள்மீது விழும் உச்சப் புலம் 11 டெஸ்லாவைத் தாண்டுகிறது. அவை நியோபியம்-வெள்ளீயத்தால் ஆனவை. அங்கே அந்தக் குளிர் இல்லாமல், மீக்கடத்து நிலை குலையும் வெப்பநிலையிலிருந்து போதிய பாதுகாப்பு இடைவெளி கிடைப்பதில்லை.