வாங்கும் மின்சாரத்தை நம்பி எவ்வளவு காலம்? கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: கொழிஞ்சாம்பாறை விவசாயி

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் தென்னையும் காய்கறியும் பயிரிடும் குடும்பம் எங்களுடையது. கேரளத்தின் மற்றப் பகுதிகளில் பெய்யும் மழை எங்கள் பக்கம் பெய்வதில்லை. ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறைத் தடுப்பணைக்கு வராத வாரங்களில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைத்தான் நம்பியிருக்கிறோம். மார்ச் பிறந்துவிட்டால் மாலை ஏழு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் இழுக்க மறுக்கிறது.

2024 மே மாதத் தொடக்கத்தில் மாநிலத்தின் உச்சநேரத் தேவை 5,797 மெகாவாட்டைத் தொட்டது பலருக்கும் நினைவிருக்கும். மாநிலம் முழுவதற்கும் மின்வெட்டு வேண்டாம் என்று முடிவெடுத்த அரசு, தேவை மிகுந்த வட்டாரங்களில் மட்டும் கட்டுப்பாடு விதிக்கலாம் என்றது. அந்தக் கட்டுப்பாடு முதலில் வந்தது நம் பாலக்காட்டுக்குத்தான், அதுவும் இரவு ஏழு மணி முதல் ஒரு மணி வரை. அப்போதைய மின்துறை அமைச்சரே எங்கள் சித்தூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் என்பதால், இங்கே அது பெரிய பேச்சாயிற்று.

என் கேள்வி இதுதான். கேரளம் தனக்குத் தேவையான மின்சாரத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை வெளியிலிருந்து வாங்குகிறது. 1976-இல் ஓடத் தொடங்கி, பின்னர் 780 மெகாவாட்டாக வளர்ந்த இடுக்கி நிலையத்துக்குப் பிறகு, அந்த அளவுக்கு எதுவும் இங்கே கட்டப்படவில்லை. அரசே முதலீடு செய்து புதிய நிலையங்களைக் கட்டுவதுதானே மின்பாதுகாப்பு? சைலன்ட் வேலி, அதிரப்பிள்ளி நீர்மின் திட்டங்களைத் தடுத்திராவிட்டால் இன்று இந்த நிலை வந்திருக்காது என்று என் பெரியப்பா சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற மின்பொறியாளர், பாலக்காடு

தம்பி, உங்கள் கேள்விக்குள் இரண்டு பிரச்சினைகள் பிணைந்து கிடக்கின்றன. அவற்றை முதலில் பிரித்துக்கொள்வோம்.

மாலையில் உங்கள் மோட்டார் இழுக்காததற்கு மாநிலத்தில் உற்பத்தி குறைவாக இருப்பதே காரணம் என்று சொல்ல முடியாது. நீளமான 11 கிலோவோல்ட் லைனின் கடைக்கோடியில் இருக்கும் டிரான்ஸ்பார்மரில் வீட்டு ஏசிகளும் மோட்டார்களும் ஒரே நேரத்தில் ஓடினால், இடுக்கியைப் போல இன்னொரு நிலையம் இருந்தாலும் அங்கே வோல்டேஜ் இறங்கத்தான் செய்யும். புகளூரிலிருந்து திருச்சூருக்கு வரும் 2,000 மெகாவாட் உயர்அழுத்த நேர்மின் பாதை 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அது நம் மாவட்டத்தின் வழியாகவே செல்கிறது. மாநிலத்துக்குள் மின்சாரத்தைக் கொண்டுவரும் பெரிய வழிகள் முன்பைவிட எவ்வளவோ மேம்பட்டிருக்கின்றன. அவை கொண்டுவந்து இறக்கும் மின்சாரத்தை ஊருக்குள் எடுத்துச் செல்லும் துணைமின்நிலையங்களும் டிரான்ஸ்பார்மர்களும் அந்த வேகத்தில் வளரவில்லை. 2024-இல் வட்டாரக் கட்டுப்பாடு தேவைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். மோட்டாருக்குப் பொருத்தமான கெப்பாசிட்டர் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். உங்கள் லைனில் உள்ள எல்லோரும் போட்டால் ஓரளவு வித்தியாசம் தெரியும்.

இனி உங்கள் பெரியப்பாவின் வாதத்துக்கு வருகிறேன். சைலன்ட் வேலித் திட்டம் முதற்கட்டமாக 120 மெகாவாட்டுக்கே வகுக்கப்பட்டது. அதிரப்பிள்ளி 163 மெகாவாட். இரண்டையும் கூட்டினாலும் 5,797 மெகாவாட் தேவையில் இருபதில் ஒரு பங்கைத் தொடாது. 1984-இல் சைலன்ட் வேலிக் காட்டைத் தேசியப் பூங்காவாக அறிவித்த முடிவை இன்றைய நெருக்கடிக்குக் காரணமாகக் காட்டுவது நியாயமாகாது. மேலும், நீர்மின் நிலையம் எத்தனை இருந்தாலும் மழை பொய்த்தால் அது கைகொடுக்காது. 2023 தென்மேற்குப் பருவத்தில் கேரளத்தின் மழை இயல்பைவிட 34 விழுக்காடு குறைந்தது. அதன் விளைவைத்தான் 2024 கோடையில் அனுபவித்தோம்.

மின்பாதுகாப்பு என்றால் சொந்த நிலத்தில் கட்டிய நிலையம் என்று பொருளல்ல என்பதே என் உறுதியான கருத்து. உச்சநேரத்தில் வந்து சேரும் என்று சட்டப்படி உறுதிசெய்யப்பட்ட, விலை முன்கூட்டியே தெரிந்த மின்சாரம் கையில் இருக்க வேண்டும். அது எல்லைக்கு அப்பாலிருந்து வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. நிலக்கரி இல்லாத மாநிலத்துக்கு அதுவே இயல்பு. ஆனால் அந்த ஒப்பந்தம் நிலைத்து நிற்க வேண்டும். நாம் தவறியது அங்கேதான்.

2014-இல் மின்வாரியம் 25 ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் 465 மெகாவாட்டுக்கான பகுதி, ஒரு யூனிட் சுமார் 4.29 ரூபாய் விலையில் கிடைத்துவந்தது. அந்த ஒப்பந்தங்களை எடுத்த முறை மத்திய அரசின் ஏல விதிகளிலிருந்து விலகியது என்று சொல்லி, மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2023 மே மாதத்தில் அவற்றை ஏற்க மறுத்தது. மழை பொய்த்த அதே ஆண்டில் இது நடந்தது. பிறகு மின்சாரச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின்கீழ் மாநில அரசு ஆணையத்துக்குக் கொள்கை அறிவுறுத்தல் கொடுத்தது. ஆண்டின் இறுதியில் ஆணையம் அந்த ஒப்பந்தங்களுக்கு மீண்டும் உயிர்கொடுத்தது. ஆனால் அதற்குள் சந்தை விலை ஏறிவிட்டிருந்ததால், பழைய விலைக்குத் தர நிறுவனங்கள் முன்வரவில்லை. 2024-இல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒப்பந்தங்களுக்கு உயிர்கொடுத்த ஆணையத்தின் அந்த இரண்டாவது உத்தரவை நீக்கியது. மின்சந்தையில் ஒரு யூனிட்டுக்கு 10 ரூபாய் வரை விலை போகக்கூடிய மாலை நேரங்களில், 4.29 ரூபாய் மின்சாரத்தை இழந்து நின்றோம்.

ஏல விதிமீறல் நடந்திருந்தால் அதை ஆரம்பத்திலேயே சொல்லித் தீர்த்திருக்க வேண்டும். ஏழெட்டு ஆண்டுகள் அனுமதியை முடிவாகச் சொல்லாமல் இழுத்துவிட்டு, மின்சாரத்தையும் வாங்கிப் பயன்படுத்திவிட்டு, பிறகு இல்லை என்றால், இனி எந்த முதலீட்டாளர் கேரளத்தின் கையெழுத்தை நம்பி நிலையம் கட்டுவார்? ஒரு அனல்மின் நிலையம் எழும்பவே ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும். வங்கி கடன் கொடுப்பது இயந்திரத்தைப் பார்த்து அல்ல, வாங்குபவரின் ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான். அரசு சொந்தமாக எத்தனை கோடி முதலீடு செய்கிறது என்பதைவிட, தான் போட்ட கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது என்பதே மின்பாதுகாப்புக் கொள்கையின் உயிர்நாடி.

பதில்: கஞ்சிக்கோட்டில் சிறுதொழில் நடத்துபவர்

ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் நீண்டகால ஒப்பந்தம் என்றாலே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. அதற்குக் காரணம் காயங்குளம்.

தொண்ணூறுகளில் கேரளம் கடும் மின்பற்றாக்குறையில் தவித்தபோது, அவசர அவசரமாகத் திரவ எரிபொருள் நிலையங்கள் வந்தன. பிரம்மபுரத்திலும் கோழிக்கோட்டிலும் டீசல் நிலையங்கள் எழுந்தன. காயங்குளத்தில் தேசிய அனல்மின் கழகம் 1999-இல் சுமார் 360 மெகாவாட் திறனுடைய நாப்தா நிலையத்தை முடித்தது. அன்று அதைப் பெரிய பாதுகாப்பாகவே எல்லோரும் வரவேற்றார்கள். பிறகு நாப்தாவின் விலை ஏறியது. எதிர்பார்த்தபடி எரிவாயுவும் அங்கே போய்ச் சேரவில்லை. அந்த மின்சாரத்தை வாங்கினால் கட்டுப்படியாகாது என்று நிலையம் பல ஆண்டுகள் சும்மா நின்றது. ஆனால் ஒப்பந்தம் இருந்ததால், ஒரு யூனிட் கூட எடுக்காத ஆண்டுகளிலும் நிலைக்கட்டணத்தைக் கேரளம் செலுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பணம் நம் பில்லிலிருந்துதான் போனது.

எனவே எந்த எரிபொருளுக்கு எத்தனை ஆண்டு கையெழுத்துப் போடுகிறோம், எரிபொருள் விலை ஏறினால் அந்தச் சுமை யார் தலையில் விழும் என்பவையும் கொள்கையின் பகுதிதான். என்னைப் போன்றவர்களுக்கு இது ஏட்டுக் கணக்கல்ல. கஞ்சிக்கோட்டில் ஒரு சிறு வார்ப்புக் கூடத்துக்குச் செலவில் பெரும்பங்கு மின்சாரம். யூனிட்டுக்குச் சில பைசா ஏறினாலும், வாளையாற்றுக்கு அப்பால் கோயம்புத்தூரில் அதே பொருளைச் செய்பவரோடு போட்டியிடுவது கடினமாகிவிடுகிறது. நாட்டின் எல்லா விநியோக நிறுவனங்களும் வருங்காலத் தேவையைக் கணித்து, அதற்குமேல் ஓர் இருப்பையும் சேர்த்து ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2023 ஜூனில் வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தேவையை மிகையாகக் கணித்தால், இன்னொரு காயங்குளத்துக்கு நாமே பணம் கட்டிக்கொண்டிருப்போம்.

பதில்: நெடுங்கண்டம் ஆசிரியை

நான் இடுக்கி மாவட்டத்தில் வசிக்கிறேன். ராமக்கல்மேட்டின் காற்றாலைகளும் இடுக்கி அணையும் எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இருப்பதால், இந்த விவாதத்தை இங்கே பலரும் ஆர்வத்தோடு கவனிக்கிறோம்.

இருவரும் எவ்வளவு மின்சாரம் என்று பேசுகிறீர்கள். எந்த நேரத்து மின்சாரம் என்பதைச் சேர்த்துப் பேசாவிட்டால் தீர்வு கிடைக்காது. வீட்டுக்கூரைகளில் சூரியத் தகடுகள் பெருகிவருவதால், நண்பகலில் வெளியிலிருந்து எடுக்க வேண்டிய அளவு குறைகிறது. வெயில் சாய்ந்ததும் அந்த உற்பத்தி முழுவதும் நின்றுபோகிறது. விளக்கும் ஏசியும் மின்வாகனங்களும் சேர்ந்து தேவை செங்குத்தாக ஏறுகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால், பகல் உற்பத்தி இன்னும் கூடும். பகலில் மிஞ்சுவதை இரவுக்குக் கொண்டுசெல்லும் வழி இல்லையென்றால், இந்த முதலீடு முழுப் பயனைத் தராது.

அந்த வழி எங்கோ வெளிநாட்டில் இல்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே, ஆனைமலையில் தமிழ்நாட்டின் காடம்பாறை நிலையம் 400 மெகாவாட் திறனோடு பல ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறது: மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறது. மலையும் அணைகளும் இவ்வளவு இருந்தும், அப்படி ஒரு பெரிய நிலையத்தைக் கேரளம் இதுவரை கட்டாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. காசர்கோட்டின் மயிலாட்டியில் 125 மெகாவாட் திறனுடைய, நான்கு மணி நேரம் கொடுக்கக்கூடிய மின்கலச் சேமிப்பு நிலையத்துக்குத் திட்டம் வகுத்திருப்பது நல்ல தொடக்கம். இடுக்கியில் 800 மெகாவாட்டுக்கு இரண்டாவது மின்நிலையம் என்ற திட்டமும் இருக்கிறது. அணைக்கு வரும் தண்ணீர் அதனால் கூடிவிடாது. ஆனால் இருக்கும் தண்ணீரை மாலை நேரத்துக்கு ஒதுக்கிவைத்து, அதிக வேகத்தில் பயன்படுத்த முடியும். உச்சநேரத்துக்கு வேண்டியது அதுதான்.

சேமிப்பு நிலையங்களுக்கு யார் பணம் போடுவார்கள் என்பதில் பிரிட்டனின் அனுபவத்தைப் பார்க்கலாம். 2013-இல் அவர்கள் இயற்றிய எரிசக்திச் சட்டத்தின்படி, மின்சாரத்தை விற்பதற்கு மட்டுமன்றி, தேவையான நேரத்தில் தயாராக இருப்பதற்கும் தனியாகப் பணம் கொடுக்கிறார்கள். 2014 டிசம்பரில் முதல் ஏலம் நடந்தது; அது 2018–19 குளிர்காலத்துக்கானது, அதாவது நான்கு ஆண்டுகள் முன்கூட்டியே. தயார்நிலைக்குப் பணம் வாங்கியவர் அழைக்கும்போது வராவிட்டால் அபராதம் கட்ட வேண்டும். குறைகளும் இல்லாமல் இல்லை: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய நிலையங்களுக்கும் டீசல் ஜெனரேட்டர்களுக்கும் பணம் போனது என்று கடுமையான விமர்சனம் எழுந்தது; 2018 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பால் திட்டம் ஏறத்தாழ ஓர் ஆண்டு நின்றும் போனது. ஆயினும், கஞ்சிக்கோட்டு அண்ணன் சொன்ன நிலைக்கட்டணப் பிரச்சினைக்கு இதில் ஒரு விடை இருக்கிறது. சும்மா நிற்பதற்குக் கொடுக்கும் பணத்தை ஏலத்தில் குறைத்து வாங்கலாம், தவறினால் திரும்பப் பிடிக்கலாம். காயங்குளத்தில் இந்த இரண்டுக்கும் வழி இருக்கவில்லை.

கேள்வி கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை விவசாயி

மூவருக்கும் நன்றி. பெரியப்பாவிடம் 120, 163 என்ற எண்களைச் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்படியானால் காடு இருக்கட்டும்” என்றார். இன்னொன்று கேட்க வேண்டும். எங்களைப் போன்றவர்கள் பகலில் மட்டும் மோட்டார் ஓட்டினால் இதில் பயனுண்டா? இதையெல்லாம் முடிவு செய்பவர்களிடம் நாங்கள் எப்படிச் சொல்வது?

பதில்: ஓய்வுபெற்ற மின்பொறியாளர், பாலக்காடு

நிச்சயமாகப் பயனுண்டு. வெயில் நேரத்தில் மோட்டாரை ஓட்டினால் உங்களுக்கு வோல்டேஜும் கிடைக்கும், மாலைச் சுமையும் குறையும். மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் வீடுகளுக்குப் பகல் விலையைக் குறைத்தும் மாலை விலையைக் கூட்டியும் 2025 முதல் கட்டணம் வகுத்திருப்பது இதே நோக்கத்தில்தான். விவசாயத்துக்குப் பகல் மின்சாரத்தை உறுதியாகக் கொடுக்கும் தனி லைன்கள் நம் தாலுகாவுக்கு வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். என் பார்வையில் அது மிக நியாயமான கோரிக்கை. ஆசிரியை அம்மா சொன்ன சேமிப்பு நிலையங்கள் வந்து சேரும்வரை, மாலை நேரத்துக்குக் கைகொடுக்கக்கூடிய மலிவான வழியும் அதுதான்.

எங்கே சொல்வது என்றால், கட்டணத்தையோ கொள்முதல் ஒப்பந்தத்தையோ முடிவு செய்வதற்கு முன் ஒழுங்குமுறை ஆணையம் பொது விசாரணை நடத்துகிறது. நுகர்வோர் யாரும் எழுத்தில் கருத்துக் கொடுக்கலாம், நேரில் போய்ப் பேசவும் செய்யலாம். பெரும்பாலும் தொழிற்சாலைகளின் சார்பில்தான் வந்து பேசுகிறார்கள். விவசாயிகள் மிகக் குறைவு. மின்துறைக்கு நேரடியாகவும் எழுதுங்கள். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு மாநில அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையைத் தருகிறது. உங்கள் லைனின் பெயர், டிரான்ஸ்பார்மரின் திறன், அதில் எத்தனை மோட்டார்கள் என்ற விவரங்களைப் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு அனுப்புங்கள். வரைவை இங்கே பதிவிட்டால் தொழில்நுட்பப் பகுதியை நான் சரிபார்த்துத் தருகிறேன்.