கிளாரினெட்: மேல் ஸ்வரங்களுக்குப் போனால் கீச்சிடுகிறது, தொடக்க மாணவனுக்கு வழி சொல்ல வேண்டும்

சேலத்து மாணவன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. சிறுவயதில் ஐந்தாண்டுகள் வாய்ப்பாட்டுக் கற்று, வர்ணத்தோடு நிறுத்திவிட்டேன். கிளாரினெட்டின் மேல் நெடுநாள் ஆசை இருந்ததால், ஏழு வாரங்களுக்கு முன் பழைய பி ஃபிளாட் கிளாரினெட் ஒன்றை வாங்கினேன். போயம் முறைச் சாவி அமைப்பு உள்ள கருவி. உடல் மரமன்று, பிளாஸ்டிக். அருகில் கற்றுக்கொடுப்பவர் யாரும் அகப்படாததால், காணொளிகளைப் பார்த்துத் தினமும் அரைமணி நேரம் வாசித்து வருகிறேன்.

இடது கை விரல்களை மட்டும் மூடி வாசிக்கும் ஸ்வரங்கள் ஓரளவு நன்றாகவே பேசுகின்றன. வலது கையையும் சேர்த்து மூடினால் நாதம் மங்குகிறது. எல்லாத் துளைகளையும் மூடிக்கொண்டு, பெருவிரலால் ரிஜிஸ்டர் சாவியைத் திறந்து மேலே போக முயன்றாலோ, பத்துக்கு எட்டு முறை எண்ணெய் காணாத கதவுக் கீலைப் போலக் கீச்சென்று அலறுகிறது. பத்து நிமிடத்திற்குள் கீழுதடு வலிக்கத் தொடங்கி, உட்புறம் பல் பதிந்த தடம் தெரிகிறது. கடையில் கொடுத்த ரீடு (வாயில் வைத்து அதிர வைக்கும் நாணல் தகடு) மூன்றாம் எண்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில், அதாவது சி சுருதியில் வைத்து, விரல் படத்தில் சி என்று போட்டிருக்கும் ஸ்வரத்தை வாசித்தால் சேரவே இல்லை. கோளாறு கருவியிலா, என் காதிலா? கடைசியாக ஒன்று: எனக்குக் கர்நாடக இசைதான் வாசிக்க வேண்டும். அதற்கு முன் மேற்கத்திய நொட்டேஷனைக் கற்றே தீர வேண்டுமா?

ஓய்வுபெற்ற பேண்டுக்காரர் எழுதிய பதில்:

தம்பி, முதலில் அந்த மூன்றாம் எண் ரீடைக் கழற்றி எடுத்து வையுங்கள். தொடக்கத்தில் இரண்டு அல்லது இரண்டரை போதும். தடித்த ரீடை அதிர வைப்பதற்காக உதட்டைக் கடித்து அழுத்துகிறீர்கள். அதனால்தான் பல் தடம் விழுகிறது. ரீடைப் பொருத்தும் விதத்தையும் கவனியுங்கள். அதன் நுனியும் மவுத்பீஸின் நுனியும் ஏறக்குறைய ஒன்றாக நிற்க வேண்டும். நேராகப் பார்க்கும்போது ரீடுக்கு மேலே ஒரு மயிரிழை அளவு கறுப்புத் தெரிந்தால் சரி. ரீடைப் பிடித்திருக்கும் பட்டையான லிகேச்சரை இறுக்கும்போது ரீடு சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டாலும் அது கீச்சிடும்.

மவுத்பீஸை எவ்வளவு தூரம் வாய்க்குள் வைப்பது என்பதற்கு என் வாத்தியார் காட்டிய வழி ஒன்று உண்டு. ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டொன்றை நுனியிலிருந்து மெதுவாக இறக்குங்கள். எந்த இடத்தில் காகிதம் முட்டி நிற்கிறதோ, அங்கே ரீடின் மேல் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கீழுதட்டின் பிடி அந்தக் கோட்டில் இருக்க வேண்டும். அதைவிடக் குறைவாக வைத்தால் ஒலி நெரியும். கூடுதலாக வைத்தால் அலறும். கீழுதட்டைப் பல்லின் மேல் சிறிதளவே மடித்து, மேற்பல்லை மவுத்பீஸின் மேல் ஊன்றி, வாயின் இரு ஓரங்களையும் உள்நோக்கி இறுக்கி, மோவாயைத் தட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். பிடி ஓரங்களிலிருந்து வர வேண்டுமே தவிர, தாடையிலிருந்து வரக் கூடாது. மவுத்பீஸோடு, அதை அடுத்த சிறு குழாயான பேரலை மட்டும் சேர்த்து ஊதிப் பாருங்கள். நாலரைக் கட்டையின் ஸட்ஜம் அசையாமல் நின்றால் உங்கள் வாய் சரியாக அமைந்துவிட்டது என்று பொருள். அந்த ஒரே ஸ்வரத்தை ஐந்து நிமிடம் ஊதிவிட்டுப் பிறகு கருவியைப் பூட்டுங்கள்.

இனி மேலே போவது. புல்லாங்குழலிலும் நாகஸ்வரத்திலும் அதே விரலமைப்பில் ஊதலை மாற்றினால் மேல் ஸட்ஜம் பேசும். கிளாரினெட்டின் உட்குழாய் பெரும்பாலும் ஒரே அகலமுள்ள உருளை. ரீடு இருக்கும் முனை மூடிய முனை போல் நடந்துகொள்ளும். அதனால் ஒற்றைப்படை மடங்கு அதிர்வுகளே அதில் ஓங்கி நிற்கும். இரண்டாம் மடங்கான மேல் ஸட்ஜத்தைத் தாண்டி, மூன்றாம் மடங்கான மேல் பஞ்சமத்திற்குத் தாவும். ஒரு ஸ்தாயியில் படித்த விரல்கள் அடுத்த ஸ்தாயிக்கு உதவாமல் போவதும், நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பத் தனிச் சாவிகள் வைத்திருப்பதும் இதனால்தான். புதியவர்கள் எல்லோரும் இடறி விழும் இடம் இது.

காற்றைக் கூட்டினால் மேலே போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். தாழ்ந்த எஃப் ஸ்வரத்தை நீளமாக ஊதிக்கொண்டிருங்கள். உதட்டையும் காற்றையும் மாற்றாமல், பெருவிரலின் நுனியால் ரிஜிஸ்டர் சாவியை மட்டும் சாய்த்துத் தொடுங்கள். பெருவிரலைத் தூக்கித் தூக்கி வைத்தால், அது மூடும் பின்புற அடித்துளை திறந்துபோகும். கடிகார முள் இரண்டு மணி காட்டும் சாய்வில் அதை வைத்தால், துளையை மூடியபடியே சாவியையும் உருட்டித் திறக்கலாம். அப்படியும் கீச்சிட்டால் வலது மோதிர விரலைப் பாருங்கள். பத்தில் ஏழு பேருக்கு அதுதான் துளையை விட்டு விலகியிருக்கும். விரல் நுனியால் அல்ல, சதையால் மூடுங்கள்; எடுத்துப் பார்த்தால் சதையில் முழு வட்டம் பதிந்திருக்க வேண்டும்.

கொள்ளிடக்கரை எழுதிய பதில்:

உங்கள் காதில் கோளாறு ஏதும் இல்லை, ஐயா. பி ஃபிளாட் கிளாரினெட்டில் சி என்று எழுதியிருப்பதை வாசித்தால் ஒலிப்பது பி ஃபிளாட், அதாவது நம் கணக்கில் ஆறரைக் கட்டை. சுருதிப் பெட்டி ஒரு கட்டையில் நின்றால் அது எப்படிச் சேரும்? விரல் படத்தில் உள்ள பெயர் எதுவாயினும், அதற்கு ஒரு முழு ஸ்வரம் கீழேதான் ஒலிக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நொட்டேஷன் குறித்துப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அது தெரிந்தால் நல்லதுதான்; ஆனால் வர்ணம் வரை பாடியவர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. சுருதிப் பெட்டியை இரண்டரைக் கட்டைக்கு மாற்றுங்கள். எல்லாத் துளைகளையும் மூடி, வலது சுண்டுவிரலால் அதன் சாவியையும் அழுத்தினால் வருவது படத்தில் உள்ள தாழ்ந்த எஃப். அதையே ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரலை எடுத்தால் ரிஷபம். மோதிர விரலை எடுத்தால் காந்தாரம், நடுவிரலை எடுத்தால் மத்தியமம், ஆள்காட்டி விரலை எடுத்தால் பஞ்சமம். வலது கையின் வேலை அதோடு முடிந்தது. இடது கையிலும் அதே வரிசையில் மோதிரம், நடு, ஆள்காட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்தால் தைவதம், நிஷாதம், மேல் ஸட்ஜம் என்று வந்து, கடைசியில் பெருவிரல் மட்டும் அடித்துளையில் மிஞ்சும். இப்படி விரல்களை வரிசையாகத் தூக்கினாலே சங்கராபரணம் கிடைத்துவிடுகிறது. ஆண் குரலுக்கு ஏற்ற சுருதி என்பதால், கூடவே பாடியும் பார்க்கலாம்.

ஸரளி வரிசையை மாயாமாளவகௌளையில் தொடங்க வேண்டும் என்ற பழக்கத்தை இங்கே ஒரு மாதத்திற்குத் தள்ளி வையுங்கள் என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் இந்த ஸட்ஜத்தில் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் இடது சுண்டுவிரல் சாவிகளில் விழுகின்றன. அதுவோ இருப்பவற்றில் மிகவும் சொல்பேச்சுக் கேளாத விரல். விரல்கள் பழகிய பின் அந்த ராகத்திற்கு வாருங்கள். சங்கராபரணம் நிலைத்த பிறகு, அதே விரல்களோடு ரிஜிஸ்டர் சாவியைத் திறந்து வாசித்தால், பஞ்சமத்தையே ஸட்ஜமாகக் கொண்ட இன்னொரு சங்கராபரணம் ஆறரைக் கட்டையில் பேசும். பெரியவர் சொன்ன மேல் பஞ்சமத் தாவலைக் காதால் புரிந்துகொள்ள இதைவிட எளிய பாடத்தை நான் கண்டதில்லை.

இந்தக் கருவி நமக்குப் புதியதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே தஞ்சைப் பக்கம் சதிர் நடனக் கச்சேரிகளின் சின்ன மேளம் என்னும் பக்கவாத்தியக் குழுவில் கிளாரினெட் இடம்பிடித்துவிட்டது. அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்திய திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அவர்களுக்கு 2008இல் சங்கீத கலாநிதி விருதும் 2022இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. அவருடைய ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள். சாவி வைத்த கருவியில், ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் எப்படி வரும் என்ற ஐயத்திற்கு அங்கே பதில் இருக்கிறது. விரலைத் துளையிலிருந்து வெடுக்கென்று எடுக்காமல் சிறிது சிறிதாக வழித்தெடுப்பதும், உதட்டின் பிடியை நெகிழ்த்தி இறுக்குவதும் சேர்ந்தே அந்த அசைவு பிறக்கிறது. என் குருநாதர் வைத்திருப்பது சாவிகள் குறைந்த ஆல்பர்ட் முறைக் கருவி. துளைகளைச் சுற்றிய வளையங்கள் குறைவாக இருப்பதால் விரல் வழுக்க அது வசதி என்பார். அதற்காக உங்கள் கருவியை மாற்ற வேண்டாம். முதல் ஆண்டில் உங்களுக்குத் தேவை கமகம் அன்று, அசையாத ஸ்வரம்.

பழுது பார்ப்பவன் எழுதிய பதில்:

இருவரும் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆயினும், வலது கையைச் சேர்த்தாலே நாதம் மங்குகிறது என்று அவர் எழுதியிருப்பதைப் படித்த பிறகும் குற்றத்தை அவருடைய விரல் மேலேயே போடுவது நியாயமாகப் படவில்லை. பழைய கருவி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, சாவிகளின் அடியில் துளையை அடைக்கும் பேடுகளைத்தான். ஓட்டை உள்ள கருவியில் தேர்ந்த வித்வான் கூடுதல் அழுத்தம் கொடுத்து எப்படியாவது வாசித்துவிடுவார். புதியவரோ தன் மூச்சையும் வயதையும் நொந்துகொண்டு பெட்டியை மூடிவிடுவார்.

சோதிப்பது எளிது. மேல் பாகத்தை மட்டும் தனியே கையில் எடுங்கள். மூன்று துளைகளையும் பின்புறத் துளையையும் விரல்களால் மூடி, கீழ் முனையை உள்ளங்கையில் அழுத்தி அடைத்து, மேல் முனையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். வாயை எடுக்கும்போது பொக்கென்று ஒரு சத்தம் கேட்டால் பேடுகள் நன்றாக அடைக்கின்றன. உறிஞ்சிய கணமே காற்று உள்ளே புகுந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. எந்தப் பேடு என்று கண்டுபிடிக்க, சிகரெட் சுற்றும் மெல்லிய தாளில் விரல் அகலத்திற்கு ஒரு பட்டை நறுக்கி, பேடுக்கும் துளை விளிம்புக்கும் நடுவே வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே பிடிப்பு இருக்க வேண்டும். கீழ் பாகத்தின் பேடுகளில் சில இயல்பாகவே திறந்து நிற்பவை. அவற்றைச் சாவியால் மூடிக்கொண்டு இதேபோல் பாருங்கள்.

இரு பாகங்களையும் சேர்க்கும் முறையும் முக்கியம். நடுவில் மேல் பாகத்துச் சாவியின் கை கீழ் பாகத்துச் சாவியின் மேல் வந்து உட்காரும். அதைப் பாலம் என்போம். மேல் பாகத்தின் வளையங்களை அழுத்திப் பாலத்தைத் தூக்கிக்கொண்டுதான் திருகிப் பூட்ட வேண்டும். அழுத்தாமல் பூட்டி, பாலத்தை வளைத்துவிட்டு என்னிடம் வருபவர்களே அதிகம். பாகங்கள் இணையும் இடத்துத் தக்கைக்கு அதற்கென்று விற்கும் கிரீஸைப் பூசுங்கள். சமையலறைத் தேங்காயெண்ணெய் வேண்டாம். வாசித்து முடித்ததும் ரீடைக் கழற்றி, குழாய்க்குள் துணியை இழுத்து ஈரத்தை எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஈரத்தோடு பெட்டியில் வைத்த கருவியின் பேடுகள் பூஞ்சை பிடித்து ஊதிப்போவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

சேலத்து மாணவன் (பதினொரு நாள் கழித்து):

மூவருக்கும் நன்றி. மேல் பாகம் பொக்கென்று நன்றாகவே சத்தமிட்டது. கீழ் பாகத்தில் தாளை வைத்து இழுத்தபோது, வலது சுண்டுவிரல் மூடும் பெரிய பேடு ஒன்றில் ஒரு பக்கம் பிடித்தது, மறுபக்கம் வெண்ணெயில் இழுத்ததுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. தெரிந்த ஒருவர் மூலம் அதை மாற்றிவிட்டேன். ரீடு இப்போது இரண்டாம் எண்.

இரண்டரைக் கட்டையில் சங்கராபரணம் ஏறியும் இறங்கியும் வருகிறது. ரிஜிஸ்டர் சாவியைத் திறந்தால் பத்துக்கு ஏழு முறை மேல் பஞ்சமம் அலறாமல் பேசுகிறது. மிச்ச மூன்று முறையும் பெரியவர் சொன்ன அதே வலது மோதிர விரல்தான். ஆனால் கீழ்ப் பகுதியிலிருந்து நிறுத்தாமல் ஏறி, மேல் ஸட்ஜத்தைத் தாண்டிய ரிஷபம், காந்தாரத்திற்குப் போய், அங்கிருந்து எல்லா விரல்களையும் ஒரே நேரத்தில் மூட வேண்டிய இடத்தில் இன்னும் தட்டுத் தடுமாறுகிறேன்.

ஓய்வுபெற்ற பேண்டுக்காரர்:

தம்பி, விரல் படத்தில் ஜி, ஏ என்று இருக்கும் அந்த இரண்டையும் வாசிக்கும்போதே வலது கை விரல்கள் மூன்றையும் துளைகளில் மூடி வைத்துவிடுங்கள். சுருதி பெரிதாக மாறாது. நாதம் சற்றுத் தடிக்கும், அவ்வளவுதான். அடுத்த ஸ்வரத்திற்கு இடது கை மட்டும் இறங்கினால் போதும். பேடு பற்றி அவர் சொன்னது சரிதான். நான் விரலையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.