எம்எம் 540 ஜீப்: சேசிஸ் வேலைக்குப் பிறகு வலப்பக்கம் சாய்கிறது, முன்சக்கரம் உதறுகிறது

பள்ளத்தூர் ஜீப்

அனைவருக்கும் வணக்கம். அப்பச்சி (அப்பா) 1988இல் வாங்கிய மஹிந்திரா எம்எம் 540. தொண்டிக் கடற்கரைக்குப் பல வருடங்கள் போய்வந்த வண்டி என்பதால் உப்புக்காற்றில் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், அரித்துவிட்டது. வீட்டுக் கார் கொட்டகையிலேயே பாடியைக் கழற்றிச் சேசிஸைச் சுரண்டிச் சுத்தம் செய்தோம். வலது முன்பக்க ஸ்பிரிங் ஹேங்கருக்கு (ஸ்பிரிங்கைச் சட்டத்தில் தாங்கும் பிடி) மேல் ஒரு விரிசல் இருந்தது. உள்ளூர் வெல்டர் ஒருவர் செவ்வகத் தகடு வைத்துச் சுற்றிலும் பற்றவைத்தார். நான்கு சக்கரத்துக்கும் புது ஸ்பிரிங் பட்டை (இலை இலையாக அடுக்கிய இரும்பு வில்), அதன் முனைகளுக்குப் புது ரப்பர் புஷ் போட்டாயிற்று.

இப்போது வலது மட்கார்டு இடதைவிட 28 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது. அதைவிடப் பயமுறுத்துவது வேறு. 50 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் உதறத் தொடங்கிவிடுகிறது. வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கிறது. பட்டை விற்ற கடையில், வலப்பக்கம் ஓர் இலை கூட்டினால் இரண்டும் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா? அப்பச்சியை முன்சீட்டில் உட்கார வைத்துக் குன்றக்குடிக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது என் ஆசை. அதற்குள் வண்டியை நம்பி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

தேவகோட்டை பட்டறை

தம்பி, இலை கூட்டாதீர்கள். கூட்டினால் சாய்வு மறையும், காரணம் உள்ளேயே இருக்கும். உதறல் அதனால் போகவும் போகாது.

முதலில் தரையைப் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய கொட்டகைகளில் கழுவுகிற தண்ணீர் வெளியேற வாட்டம் விட்டுத்தான் தளம் போட்டிருப்பார்கள். கொத்தனாரிடம் டியூப் மட்டம் வாங்கிக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு குமிழி கூட இல்லாமல் தட்டி வெளியேற்றுங்கள். ஒரு முனையை இடது சக்கரத்தருகிலும் மறுமுனையை வலது சக்கரத்தருகிலும் பிடித்து, நீர்மட்டத்திலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் அடியில் தகடு கொடுத்துச் சமன் செய்யுங்கள். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். அதற்குப் பிறகு அளப்பதுதான் அளவு.

அடுத்து சேசிஸ். இரு பக்கமும் ஒரே இடத்தில் இருக்கும் போல்ட் துளைகளிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பிறகு மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். இரண்டு அளவுக்கும் 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் சேசிஸ் கோணியிருக்கிறது என்று பொருள். அப்படியானால் பட்டைப் பேச்சையே விட்டுவிடலாம்.

சேசிஸ் நேராக இருந்தால், பட்டை முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிள் போல்ட்டுகளுக்கு வாருங்கள். அச்சு தொங்கும் நிலையில் அவற்றை முறுக்கியிருந்தால், வண்டி எடை இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். உங்கள் வலப்பக்கம் தாழவில்லை, இடப்பக்கம்தான் உயர்ந்து நிற்கிறது என்றுகூட இருக்கலாம். எல்லாவற்றையும் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, முன்னும் பின்னும் தள்ளி, ஏறிக் குலுக்கிய பிறகு முறுக்குங்கள். அப்போதும் சாய்ந்தால் முன்பட்டைகளை இடம் மாற்றிப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் பட்டையில்தான் குறை.

உதறல் தனிக்கதை. முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின், அதாவது ஸ்டீயரிங் திருப்பும்போது சக்கரம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த ஆணி. இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராட் முனைகளையும் விடாதீர்கள். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்திருந்தால் அதன் பருத்த முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். கிங் பின்னின் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். தகடு திரும்பியிருந்தால் அந்தச் சாய்வு குறைந்து சக்கரம் அலையும்.

திருமயம் லாரி வெல்டர்

எனக்குக் கவலை அந்தச் செவ்வகத் தகடுதான். சேசிஸ் சட்டத்தின் குறுக்கே நேர்க்கோடாகப் பற்றவைத்தால், அந்தக் கோட்டை ஒட்டியே அடுத்த விரிசல் பிறக்கும். விரிசலின் நுனியில் முதலில் சிறு துளை போட்டு அதை நிறுத்த வேண்டும். தகட்டின் முனைகளைச் சரிவாகக் கூர்த்து வெட்டிச் சட்டத்தின் பக்கச்சுவரில் மட்டும் வைக்க வேண்டும். மேல், கீழ் விளிம்புகளில் குறுக்குப் பற்று கூடவே கூடாது. முடிந்தால் அந்தத் தகட்டைப் படம் எடுத்துப் போடுங்கள்.

காரைக்குடி வேதியியல்

துரு பற்றி இரண்டு வார்த்தை. இங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இரும்பு அரிப்போடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். துத்தநாக பிரைமர் சுத்தமான இரும்பை நேரடியாகத் தொட்டால்தான் வேலை செய்யும். இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுக்கும். துருவின் மேலோ பழைய பெயின்டின் மேலோ அடித்தால் அது வெறும் சாம்பல் நிறப் பூச்சு. கைபடாத இடுக்குகளுக்கு டானிக் அமிலம் கலந்த துருமாற்றி நல்லது. நம் வீடுகளின் சுண்ணாம்புக் காரைக்குச் சேர்க்கும் கடுக்காயில் இருப்பதும் டானின் வகைதான். அது துருவோடு சேர்ந்து கறுத்த படலமாகிவிடும். ஆனால் அந்தப் படலத்தின் மேல் துத்தநாக பிரைமர் வேண்டாம், எபாக்ஸி அடியுங்கள். சட்டத்தின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை வெல்டிங்கோ பெயின்டோ அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பு தங்குவது அங்கேதான்.

பள்ளத்தூர் ஜீப்

எல்லோருக்கும் மிக்க நன்றி. தளம் வலப்பக்கம் 11 மி.மீ. தாழ்ந்திருக்கிறது! மூலைவிட்ட வித்தியாசம் 3 மி.மீ.தான். தளத்தைச் சமன் செய்து, ஷாக்கிள் போல்ட்டுகளைத் தளர்த்திக் குலுக்கியதும் இடப்பக்கம் கண்ணெதிரே இறங்கியது. இப்போது சாய்வு 6 மி.மீ. பட்டையை இடம் மாற்றவில்லை.

ஆப்புத் தகடு எதுவும் இல்லை. பிரேக் மிதித்தும் வலது சக்கரத்தின் ஆட்டம் நிற்கவில்லை. பிரித்தால், கிங் பின்னின் கீழ்ப் பேரிங் அமரும் கிண்ணத்தில் உருளைகள் நின்ற இடமெல்லாம் வரிசையாகக் குழி. இரண்டு பக்கமும் புது பேரிங் போட்டு, நக்கிளை (கிங் பின்னில் திரும்பும் சக்கரத் தாங்கி) கொக்கித் தராசால் இழுத்துப் பார்த்து, இறுக்கம் கையேட்டு அளவுக்கு வரும்வரை ஷிம்களை (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடுகள்) குறைத்தோம். திருமயம் சாலையில் 70 கி.மீ. வரை போய்ப் பார்த்தேன். உதறவில்லை. தகட்டின் படம் இணைத்திருக்கிறேன்.

தேவகோட்டை பட்டறை

மகிழ்ச்சி தம்பி. 6 மி.மீ. அப்படியே இருக்கட்டும். புதுப்பட்டை அமர்ந்தபின், அதை அச்சோடு கட்டும் யூ போல்ட்டுகள் தளரும். 500 கி.மீ. ஓடியதும் ஒவ்வொரு பட்டையிலும் அவற்றின் நான்கு நட்டுகளையும் குறுக்கு வரிசையில் மறுபடி முறுக்குங்கள்.

திருமயம் லாரி வெல்டர்

படம் பார்த்தேன். கீழ் விளிம்பின் குறுக்கே பற்று ஓடியிருக்கிறது. அப்பச்சியை ஏற்றுவதற்கு முன் அதை அரைத்தெடுத்து மாற்றிவிடுங்கள். வேலை தொடங்கும்முன் பேட்டரி வயரையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றுங்கள், டீசல் டேங்கை இறக்கி வெளியே வையுங்கள். பக்கத்தில் இருக்கும் பட்டையின் மேல் எர்த் கிளிப் மாட்டவோ தீப்பொறி விழவோ விடாதீர்கள். ஈரச்சாக்கு போட்டு மூடிக்கொள்ளுங்கள்.