94-லேயே நிற்கிறதா உங்கள் வீட்டு நெட்? யார் வீட்டில் எது சதி செய்தது, சொல்லுங்கள்

தேவனாம்பட்டினம்வாசி:
எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், சில்வர் பீச்சுக்கு நடந்தே போகிற தூரம். போட்டிருந்தது 200 எம்பிபிஎஸ் பிளான். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94. ராத்திரி இரண்டு மணிக்குப் போட்டாலும் 94. கம்பெனிக்குப் போன் செய்தால், "உங்க மொபைல் பழசா இருக்கும் சார்" என்றார்கள். புது மொபைல் வாங்கினேன், 94. பிளானை 300க்கு ஏற்றினேன், அப்போதும் 94தான். எனக்கு ரோஷமே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் சிசிடிவி மாட்ட வந்த தம்பியிடம் பேச்சுவாக்கில் புலம்பினேன். 94 என்றதும் ஏணியில் நின்றபடியே, "அண்ணே, அது வைஃபை இல்ல, ஒயரு" என்றான். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். ஆயிரம் எம்பிபிஎஸ் ஓட எட்டும் வேண்டும். ஒன்றிரண்டில் தொடர்பு விட்டுப்போனால், நான்கே கம்பியில் ஓடக்கூடிய 100க்கு இரண்டு பக்கப் பெட்டிகளும் இறங்கிவிடும். அந்த 100லும் ஒவ்வொரு டேட்டா பொட்டலத்தின் மேலும் முகவரி எழுதுகிற செலவு போக, கையில் நிற்பது 94 சொச்சம். நெட் அறுந்துபோகாது, விளக்கும் எரியும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

கம்பெனி வைத்த ஓஎன்டி, அதாவது ஃபைபர் வந்து சேரும் பெட்டி, கீழே; என் ரூட்டர் மாடியில். நடுவே கேபிள் வெளிச்சுவர் வழியாக ஏறுகிறது. பால்கனி ஓரம் ஒரு ஜாயின்டர் இருந்தது. கழற்றிப் பார்த்தால் பின்னெல்லாம் பச்சைக் களிம்பு. உப்புக் காற்று இரும்புக் கேட்டையே தின்கிற ஊர், இது எம்மாத்திரம்! ஜாயின்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே கேபிளாக இழுத்து, இரண்டு முனையிலும் புது ஜாக் கிரிம்ப் செய்தான். அரை மணி நேர வேலை. ஸ்பீடு 287. புது மொபைலுக்கு இன்னும் இஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வைசியாள் வீதி மருமகள்:
உங்களுக்கு உப்பு, எங்களுக்குச் சுவர் சார். புதுச்சேரியில் பழைய தமிழ் வீடு. திண்ணை, கூடம், முற்றம், பின்கட்டு என்று நீளமாகப் போகும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய சுவர், ஒரு முழத் தடிமன். ரூட்டர் வாசல் அறையில், நான் வேலை பார்ப்பது பின்கட்டில். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் எட்டியே பார்க்காது. மெதுவான 2.4 மட்டும் தட்டுத் தடுமாறி வந்து சேரும்.

ரிப்பீட்டர் வாங்கிக் கூடத்தில் மாட்டினோம். சிக்னல் கோடெல்லாம் முழுசாகக் காட்டியது, வேகம்தான் பாதிக்குப் பாதி. நாங்கள் வாங்கிய மலிவு ரிப்பீட்டரில் ஒரே ரேடியோ. ரூட்டர் சொல்வதைக் கேட்டுவிட்டு, அதே வாயால் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது.

கடைசியில் கைகொடுத்தது முற்றம். ரூட்டரை முற்றத்தைப் பார்த்த தாழ்வாரத்தில், சாரல் படாத உயரத்தில் மாட்டினோம். இப்போது சிக்னல் சுவரோடு முட்டிக்கொள்வதில்லை. திறந்த வெளியைத் தாண்டிப் பின்கட்டு ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது, 5 கிகாஹெர்ட்ஸ் உட்பட. பூஜை அறைக்கு எதிரே பச்சை விளக்கு மினுக்குகிறதே என்று அத்தை முகம் சுளித்தார். அவருடைய சீரியல் நிற்காமல் ஓடிய அன்றோடு அந்தப் பேச்சு அடங்கியது.

லாஸ்பேட்டை ஃபிளாட்:
எங்களுக்கு அக்கம்பக்கம்தான் பிரச்சினை. ஒரு ஆப் போட்டுப் பார்த்தேன், இருபத்து மூன்று வைஃபை! 2.4ல் ஒன்றின்மேல் ஒன்று விழாத சானல்கள் 1, 6, 11 என மூன்றுதான். எங்கள் ரூட்டர் 'ஆட்டோ' என்ற பெயரில் போய் 6ல் உட்கார்ந்திருந்தது, கூடவே பதினோரு வீட்டார். 1க்கு மாற்றினேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். 4ல் வைத்தால் இரண்டு கூட்டத்திடமிருந்தும் தப்பிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கேட்காதீர்கள், இரண்டு பக்கத்துச் சத்தமும் காதில் விழும். டிவியையும் லேப்டாப்பையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, அதற்குத் தனிப் பெயர் வைத்த பிறகுதான் நிம்மதி.

மஞ்சக்குப்பத்தான்:
தனிப் பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நானும் வைத்துப் பார்த்தேன். அப்பா மொபைலோடு மொட்டை மாடிக்குப் போவார், 5 விட்டுப்போகும், அங்கிருந்தே "நெட் போச்சுடா" என்று கத்துவார். ஒரே பெயர் வைத்தால் இந்த வம்பே இல்லை.

அப்புறம் ஒன்று. 2024 நவம்பர் 30 பெஞ்சல் புயலின்போது, மறுநாள் முழுக்க ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஓஎன்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக இருந்ததை யாரும் பார்க்கவில்லை. ஃபைபரில் ஒளியே வரவில்லை என்று அதற்கு அர்த்தம். தெருவில் எங்கோ அறுந்ததற்கு வீட்டுக்குள் எதைத் தட்டி என்ன?

அரியாங்குப்பம் 605007:
தேவனாம்பட்டினம் சார், இதைப் படித்துவிட்டு நேற்றே ஜாக் மாற்றினேன். எனக்கும் 94. மாற்றியும் 94. ஓஎன்டிக்கும் ரூட்டருக்கும் நடுவே ஒரு மீட்டர் கேபிள்தான், வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

தேவனாம்பட்டினம்வாசி:
அப்படியானால் லேப்டாப்பை நேராக ஓஎன்டியிலேயே செருகிப் பாருங்கள் தம்பி. அங்கே 94ஐத் தாண்டினால் கம்பெனி மேலும் குற்றமில்லை, வெளி லைன் மேலும் குற்றமில்லை. ரூட்டர் வந்த அட்டைப் பெட்டி இருக்கிறதா? லேன் போர்ட் எவ்வளவு என்று போட்டிருக்கும். வைஃபை 1200 என்று கொட்டை எழுத்தில் அடித்துவிட்டு, பின்னால் இருக்கிற ஓட்டையை 100லேயே நிறுத்திவிடும் ரூட்டர்கள் நிறைய உண்டு.

அரியாங்குப்பம் 605007:
ஓஎன்டியில் செருகினால் 190 வருகிறது. பரணில் கிடந்த பெட்டியை இப்போதுதான் இறக்கினேன். 10/100 என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது சார். மூன்று வருடமாக நான் 200க்குப் பணம் கட்டுகிறேன்.