ஏஐ வரைந்து தரும் முகத்தில் நம்மைத் தேடலாமா?

வேனில்:
என் முகத்தில் வெண்புள்ளிகள் உண்டு. இடது கண்ணைச் சுற்றி ஒரு பெரிய திட்டு, உதட்டோரம் சில சின்னவை. வளர்ந்த பிறகு வந்தவை. அதற்கப்புறம் யாராவது கேமராவை எடுத்தாலே நகர்ந்துவிடுவேன். இப்போது கொஞ்ச காலமாக ஏஐ படக் கருவிகளில் என்னையே உருவாக்கிப் பார்க்கிறேன். வயதான நான், தலை மழித்த நான், மேடையில் பாடும் நான். யாருக்கும் காட்டுவதில்லை.

கருவி முதலில் கொடுத்த படங்கள் எதிலும் புள்ளிகள் இல்லை. இத்தனை வருடம் நான் ஏங்கிய முகம் அது. ஆனால் பார்த்தபோது யாரோ தூரத்துச் சொந்தக்காரரைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. புள்ளிகளைத் திரும்பக் கொண்டுவர மணிக்கணக்கில் மல்லுக்கட்டினேன். அந்த மல்லுக்கட்டில்தான் நான் எதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று தெரிந்தது. நம்மை நாமே அறிய இந்தக் கருவிகள் உதவும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

கரிக்கோல்:
மறுக்கிறேன். உங்கள் அனுபவத்தை அல்ல, அதற்கான பெருமையைக் கருவிக்குக் கொடுப்பதை. உங்களுக்கே உரிய ஒன்றை அது அழித்தது, நீங்கள் போராடி மீட்டீர்கள். போராடத் தெம்பில்லாத ஒருவர் அந்தத் துடைத்த முகத்தை அப்படியே ஏற்றுக்கொள்வார். முகப்புப் படமாகவும் வைத்துக்கொள்வார்.

நான் கரியில் என் முகத்தை வரைகிறவன். ஒவ்வொரு கோட்டுக்கும் நான்தான் பொறுப்பு. மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ தன் சேர்ந்த புருவத்தையும் மேலுதட்டு முடியையும் மறைக்கவில்லை, அழுத்தியே வரைந்தார். அது அவர் எடுத்த முடிவு. கருவி தரும் படத்தில் அப்படி ஒரு முடிவை யார் எடுத்தது?

மாறிலி:
யாரும் எடுக்கவில்லை, அதுதான் சிக்கலே. இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். இந்தக் கருவிகள் பலவும் வெறும் இரைச்சலில், அதாவது தாறுமாறான நிறத் துகள்களில் தொடங்கி, படிப்படியாக இரைச்சலை நீக்கிப் படத்தை வெளியே கொண்டுவருகின்றன. எதை நீக்குவது என்ற கணிப்பு பயிற்சிப் படங்களிலிருந்து வருகிறது. 2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படக் கருவி, லயான் 5பி என்ற தொகுப்பின் பகுதிகளில் பயிற்சி பெற்றது. முழுத் தொகுப்பில் சுமார் 585 கோடி படங்கள், இணையத்தில் அவற்றோடு கிடந்த விவரிப்புகள் சகிதம். வெண்புள்ளி உள்ள முகங்கள் அங்கே இருந்தாலும், 'மேடையில் பாடும் பெண்' என்ற விவரிப்போடு இருக்க வாய்ப்பு குறைவு. நோயின் பெயரோடு மருத்துவப் படமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் நீங்கள் பாடகியைக் கேட்டால் புள்ளி போய்விடும். புள்ளியை அழுத்திக் கேட்டால் நோயாளி வந்து நிற்பார்.

வேனில், உங்கள் புகைப்படத்தைக் கொடுத்து மாற்றச் சொல்கிறீர்களா? அப்படியானால் சில கருவிகளில் 0 முதல் 1 வரை ஓர் அளவு இருக்கும். குறைவாக வைத்தால் உங்கள் படம் பெரும்பாலும் அப்படியே நிற்கும், கூட்டக் கூட்ட கருவியின் கை ஓங்கும். 0.3-இல் இருக்கும் புள்ளி 0.8-இல் காணாமல் போவதை நீங்களே பார்க்கலாம். இன்னொரு வழி, உங்கள் முகத்தையே அதற்குக் கற்றுக்கொடுப்பது. கூகுள் ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ட்ரீம்பூத் முறைக்கு மூன்று முதல் ஐந்து படங்கள் போதும். அப்போதும் சராசரியை நோக்கிய இழுப்பு முழுதாகப் போகாது.

அந்த முகம் நமக்குப் பிடித்துப்போவதற்கும் காரணம் உண்டு. பல முகங்களைக் கலந்து எடுத்த சராசரி முகத்தை மக்கள் கூடுதல் அழகாக மதிப்பிடுகிறார்கள் என்று லாங்லாய்ஸ், ரோக்மன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1990-இலேயே காட்டினார்கள்.

கரிக்கோல்:
என் வாதத்துக்குத்தான் பலம் சேர்த்திருக்கிறீர்கள். 2022 கடைசியில், நாம் கொடுக்கும் முகப்படங்களிலிருந்து ஏஐ ஓவியங்கள் செய்து தரும் லென்ஸா செயலியின் மேஜிக் அவதார்கள் பரவியபோது என்ன நடந்தது? சாதாரண முகப்படங்களைக் கொடுத்த பெண்கள் பலர், அரைகுறை ஆடையில் தங்கள் படம் வந்ததாகப் புகார் சொன்னார்கள். கூட்டம் பெண்களை எப்படிப் பார்க்கிறது என்பதை எடுத்து 'இதுதான் நீ' என்று கையில் கொடுப்பதில் சுயதேடல் எங்கே இருக்கிறது? கண்ணாடி போதும். கண்ணாடி எதையும் கூட்டாது, குறைக்காது.

அலைவரிசை:
கண்ணாடி போதும் என்று சொல்லாதீர்கள், கரிக்கோல். நான் திருநங்கை. எத்தனையோ வருடம் கண்ணாடி எனக்குக் காட்டியது நான் அல்லாத ஒருவரை. 2019-இல் ஸ்னாப்சாட்டில் ஆண் முகத்தைப் பெண் முகமாக மாற்றும் ஃபில்டர் வந்தது. நண்பர்கள் எல்லாரும் வேடிக்கைக்குப் போட்டுப் பார்த்தார்கள். நானும் போட்டேன், சிரித்தேன், அப்புறம் தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி பார்த்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் எனக்குக் கிடைத்த முதல் சாட்சி அது.

பின்னால் வந்த ஏஐ படங்கள் இன்னும் தெளிவாக இருந்தன. அவற்றால் வலியும் வந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். கருவி தாடை எலும்பையே மாற்றிவிடுகிறது. பருவம் கடந்தபின் எடுக்கும் ஹார்மோன் எலும்பை மாற்றாது. தோல் மென்மையாகும், கொழுப்பு இடம் மாறும், அதுவும் மெதுவாக, வருடக்கணக்கில். படத்தில் பார்த்த முகம் வரவில்லையே என்று நான் அழுதிருக்கிறேன். இதே பாதையில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: படத்தைத் திசை தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடம் நீட்டி 'இப்படி வேண்டும்' என்று கேட்காதீர்கள். ஆனால் அந்தப் படமே வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மாறிலி:
கண்ணாடி பற்றி ஒரு சேர்க்கை. 1977-இல் மிட்டாவும் சக ஆய்வாளர்களும் ஒரே முகத்தின் இரண்டு பிரதிகளைக் காட்டினார்கள், ஒன்று நேர்ப்படம், மற்றொன்று இடவலம் மாற்றியது. முகத்துக்குச் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணாடியில் தெரியும் வடிவம் பிடித்தது. அவர்களின் நெருங்கியவர்களுக்கு நேர்ப்படம் பிடித்தது. நமக்குப் பழகிய முகமும் மற்றவர்கள் காணும் முகமும் ஏற்கெனவே வேறுவேறுதான்.

வேனில்:
அலைவரிசை, நன்றி. கரிக்கோல், 'ஒவ்வொரு கோட்டுக்கும் நான் பொறுப்பு' என்றீர்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சிண்டி ஷெர்மன் 1970-களின் இறுதியில் விக்கும் உடையும் மாற்றி, சினிமாப் பெண்களின் சாயலில் தன்னையே படமெடுத்தார். கோடு எதுவும் போடவில்லை, தேர்ந்தெடுத்தார். தேர்வும் பொறுப்புதானே? நூறு படத்தில் தொண்ணூற்றொன்பதைத் தள்ளும்போது நானும் முடிவெடுக்கிறேன்.

கரிக்கோல்:
ஷெர்மன் எந்த அச்சுக்குள் நுழைகிறார் என்பது அவருக்குத் தெரியும். அந்த அச்சை நமக்குக் காட்டுவதுதான் அவர் வேலையே. கருவி உங்களை எந்த அச்சில் வார்த்தது என்பதைச் சொல்வதில்லை. மாறிலி வந்து விளக்கியதால் தெரிந்தது, எத்தனை பேருக்கு அப்படி ஒருவர் கிடைப்பார்? அப்புறம், தள்ளிய தொண்ணூற்றொன்பதும் உங்கள் கண்ணில் பட்டவைதான். யீ, பெய்லென்சன் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட பரிசோதனையில், கூடுதல் அழகான அவதாரம் (கணினியில் தங்களுக்குப் பதிலாக நிற்கும் உருவம்) பெற்றவர்கள் மெய்நிகர் அறையில் அந்நியரிடம் இன்னும் நெருங்கிப் போனார்கள், தங்களைப் பற்றிக் கூடுதலாகப் பேசினார்கள். நமக்குக் கொடுக்கப்பட்ட முகம் நம் நடத்தையையே மாற்றுகிறது.

அலைவரிசை:
மாற்றட்டுமே. கூச்சத்தில் சுருண்டு கிடந்த ஒருவர் நாலு வார்த்தை பேசினால் அது நஷ்டமா?

கரிக்கோல்:
அந்த முகத்தைக் கழற்றிய பிறகும் பேச முடிகிறதா என்பதுதான் என் கவலை. பெரியவர்கள் விரும்பிச் செய்வதில் நான் தலையிடவில்லை. பதின்ம வயதினர் கையில் இது கூடவே கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். தன் முகம் எது என்று பழகுவதற்கு முன்பே திருத்திய முகத்தைப் பார்த்துவிடுகிறார்கள்.

மாறிலி:
யார் செய்தாலும் படம் எங்கே போகிறது என்று பாருங்கள். முகத்தை அந்நிய சர்வரில் ஏற்றுவதற்கு முன் விதிமுறைகளைப் படியுங்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவற்றை ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம், எதுவும் வெளியே போகாது.

அலைவரிசை:
கரிக்கோல், பதின்ம வயதினருக்குத் தடை என்றால் அது முதலில் என்னைப் போன்ற பிள்ளைகளைத்தான் அடிக்கும். மற்றவர்களுக்குத் தங்கள் சாயலில் ஆயிரம் படங்கள் சுற்றிலும் இருக்கின்றன. பதினான்கு வயதில் எனக்கு ஒன்றுகூட இல்லை. தடை கேட்பதைவிட, படத்தோடு 'இந்த எலும்பு மாறாது, இந்தத் தோல் சராசரிக்கு இழுக்கப்பட்டது' என்று கருவியே சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு நானும் உங்களோடு வருகிறேன்.