பில் மன்றோ: உங்கள் அனுபவம் என்ன?

கென்டக்கியில் ரோசைன் என்று ஒரு சிற்றூர். வெள்ளிக்கிழமை இரவுகளில் அங்கே ஒரு கொட்டகையில் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக் கச்சேரி நடக்கும், கட்டணம் கிடையாது. நண்பர் இழுத்துக்கொண்டு போனார். அந்த இசையின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் ஊர் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. இடைவேளையில் பக்கத்து இருக்கைப் பெரியவர்தான் கதையை எடுத்தார். 1911இல் பிறந்த மன்றோ எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி, மாறுகண் வேறு. ஃபிடிலையும் கிதாரையும் அண்ணன்மார் எடுத்துக்கொள்ள, இவருக்கு மிஞ்சியது மேண்டலின். அதிலும் எட்டுத் தந்திகளில் நாலைக் கழற்றச் சொன்னார்களாம், சத்தம் கூடிவிடக் கூடாதென்று! பதினாறு வயதுக்குள் அம்மா, அப்பா இருவரும் போய்விட, தாய்மாமன் பென் வான்டிவரோடு தங்கினார். மாமா நடனங்களுக்கு ஃபிடில் வாசிப்பார், மருமகன் கூட வாசிப்பான். ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரிடமிருந்துதான் மன்றோவுக்கு புளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசை வந்தது. பெரியவர் அதை ஒரே வரியில் முடித்துவிட்டார், எனக்கு அது குறைதான்.

*

நான் மேண்டலின் பழகுகிறேன். மன்றோ பாணியில் முதலில் தருகிற பாடம் மெட்டே இல்லை, 'சாப்'. தாளத்தில் தட்டு விழாத இடத்தில் தந்திகளை ஒரு வெட்டு வெட்டி, இடக்கை விரல்களைச் சட்டென்று தளர்த்தி ஒலியை அடக்க வேண்டும். இந்த இசையில் டிரம்ஸ் வழக்கமில்லையே, அந்த வேலையை மேண்டலின் பார்க்கிறது. என் மணிக்கட்டு இன்னும் ஒத்துழைக்கவில்லை. அவர் வாசித்த 1923 கிப்சன் எஃப்-5 மேண்டலின் நாஷ்வில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1985இல் யாரோ மன்றோவின் வீடு புகுந்து அதைக் கணப்படுப்புக் கம்பியால் அடித்துச் சுக்குநூறாக்கினார்கள். கிப்சன் நிறுவனக் கைவினைஞர் சார்லி டெரிங்டன் சில்லு சில்லாக ஒட்டி மீட்டார். கண்ணாடிக்கு வெளியே ரொம்ப நேரம் விரிசலைத் தேடிக்கொண்டு நின்றேன்.

*

நான் மன்றோவையே நேரில் பார்த்தவன். 90களின் தொடக்கம், இண்டியானாவில் பீன் பிளாசம் விழா. 1967 முதல் அவரே நடத்தியது. அந்த வெயிலிலும் கோட்டு, டை, தொப்பி. சுற்றி நின்ற பிள்ளைகளுக்குக் கால் டாலர் நாணயம் கொடுத்தார், பெரியவர்களிடம் அவ்வளவாகப் பேச்சில்லை. மனிதர் பிடிவாதக்காரர். கிதார் வாசித்த லெஸ்டர் ஃபிளாட்டும் பாஞ்சோ வாசித்த ஏர்ல் ஸ்க்ரக்ஸும் 1948இல் அவர் குழுவை விட்டுப் போனபின், ஃபிளாட்டோடு இருபது வருஷத்துக்கும் மேல் பேச்சுவார்த்தையே கிடையாது. 1971இல் அதே பீன் பிளாசத்தில்தான் சமாதானம். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்களேன்.